நெல் செயல்விளக்கத் திடல்: பக்கத்து வயல்காரர் நம்பும்படி எப்படிப் போடுவது?

கடைமடை_குழு (கேள்வி)

வணக்கம். திருவாரூர் மாவட்டக் கடைமடையில் 20 பேர் கொண்ட உழவர் குழு எங்களுடையது. எல்லோருக்கும் சம்பாதான் பிரதானம். ஆழ்குழாய் வைத்திருக்கும் சிலர் மட்டும் குறுவையும் போடுவார்கள். களிமண், வடிகால் சுமார்.

வரும் சம்பாவில் உறுப்பினர் ஒருவரின் வயலில் ஒரு ஏக்கருக்குச் செயல்விளக்கத் திடல் போடலாம் என்று பேசியிருக்கிறோம். திட்டம் இதுதான்: 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25க்கு 25 செ.மீ. இடைவெளி, கோனோவீடர் (தள்ளி ஓட்டும் உருளைக் களைக்கருவி), காய்ச்சலும் பாய்ச்சலுமாக (காய விட்டு மறுபடி பாய்ச்சி) நீர், அதற்கு மட்டம் பார்க்க வயல்நீர்க் குழாய், இலை வண்ண அட்டை பார்த்து யூரியா, நாற்பது நாள் வரை பூச்சிமருந்து இல்லை. ரகம் சி.ஆர். 1009 சப் 1.

இந்தப் பக்கத்தில் முன்பும் திடல்கள் போட்டார்கள். பலகை நட்டார்கள், வயல் விழா நடந்தது, சாப்பாடு போட்டார்கள். அடுத்த பருவம் ஒருவரும் அதைச் செய்யவில்லை. அப்படி ஆகாமலிருக்க யார் வயலில், எவ்வளவு பரப்பில், எதோடு ஒப்பிட்டு வைக்க வேண்டும்? என்னென்ன அளக்க வேண்டும்? வயல் விழா எப்போது? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

மண்வெட்டி_72

உங்கள் பட்டியலில் ஏழு மாற்றம் இருக்கிறது. விளைச்சல் கூடினால் எதனால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்தால் ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீசிவிடுவார்கள். பார்க்க வருகிறவர் ஏழையும் ஒரே பருவத்தில் செய்யப் போவதில்லை. ஒன்றைத்தான் எடுத்துப் போவார். அந்த ஒன்று எது என்று நீங்களே முதலில் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பருவம். இதில்தான் உங்கள் திட்டம் கவிழும். கடைமடைக் களிமண்ணில் சம்பாவுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் எடுபடாது. நட்டுத் தூர் கட்டும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் கவலை தண்ணீரை வடிப்பது, காய விடுவது இல்லை. குழாய் முழுக்க நீர் நிற்கும், பார்க்க வருகிறவர் சிரிப்பார். 14 நாள் இளநாற்றும் அதே ஆபத்தில்தான். நட்ட பத்து நாளுக்குள் ஒரு கனமழை பெய்து வயல் மூழ்கினால் விரல் நீள நாற்று எழுந்திருக்காது. சப் 1 ரகம் என்பதால் தப்பும் என்று நினைக்காதீர்கள். வெள்ளம் தாங்கும் குணம் வேர் பிடித்த பயிருக்குத்தான் உதவும்.

ஆகவே நீர் சம்பந்தப்பட்டதைக் குறுவையில், ஆழ்குழாய் உள்ளவர் வயலில் வையுங்கள். அதிலும் ஒன்று கவனியுங்கள். விவசாய மின்சாரம் இலவசம். மோட்டார் ஓடும் மணி பாதியாகக் குறைந்தாலும் அவர் பையில் ஒரு ரூபாய் கூட மிஞ்சாது. எண்ணெய் என்ஜின் வைத்து இறைப்பவர், அல்லது ஒரே குழாயில் மூன்று பேர் முறை வைத்துப் பாய்ச்சுபவர்கள், இவர்களுக்குத்தான் அந்தச் சேமிப்பு கண்ணுக்குத் தெரியும். திடல் அவர்கள் வயலில் இருக்கட்டும்.

அமைப்பு இப்படி: ஒரே ஆளின் ஒரே வயலை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு மா ஒரு மாவாக (மா என்பது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) இருந்தால் போதும், ஏக்கர் கணக்கில் வேண்டாம். இரண்டிலும் ஒரே ரகம், ஒரே நாள் நடவு, ஒரே அடியுரம். ஒரு பாதியில் மட்டும் புது முறை. அடுத்தவர் வயலை ‘பழைய முறை’ என்று காட்டாதீர்கள். மண் வேறு, கை வேறு. வந்தவர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.

நீர் ஒப்பீடு என்றால் நடு வரப்புதான் உயிர். ஒரு பக்கம் ஐந்து செ.மீ. தண்ணீர் நிற்கும், மறு பக்கம் காய வேண்டும். ஒற்றை வரப்பில் நண்டு வளை ஒன்று இருந்தாலே தண்ணீர் கசிந்து, காய வேண்டிய பக்கத்துக் குழாயில் மட்டம் இறங்காது. ‘களிமண்ணில் இது வேலை செய்யாது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு வரப்பு போட்டு நடுவில் ஒரு சாண் வாய்க்கால் விடுங்கள். கசிவதை அது வாங்கி வடிக்கும். வரப்பை மிதித்துச் சேறு பூசுங்கள், வாரம் ஒருமுறை வளை பார்த்து அடையுங்கள்.

குழாய் விவரம்: 30 செ.மீ. நீள பி.வி.சி. துண்டு, விட்டம் 10 முதல் 15 செ.மீ. கீழ்ப்பாதி 15 செ.மீ. சுற்றிலும் 5 மி.மீ. துளை, இரண்டு செ.மீ.க்கு ஒன்று. துளைப் பகுதி மண்ணுக்குள், மேல் 15 செ.மீ. வெளியே. பதித்ததும் உள்ளே இருக்கும் மண்ணைக் கையால் அள்ளி எடுத்துவிட வேண்டும். அள்ளாமல் விட்டால் குழாய்க்குள்ளும் அதே மண்தான், நீர்மட்டம் எங்கே தெரியும்? பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கலாம், ஆனால் வயலின் பள்ளத்திலும் வேண்டாம், மேட்டிலும் வேண்டாம். வயல் சமமில்லை என்றால் இரண்டு குழாய் வையுங்கள்.

நட்டு இரண்டு வாரம் கழித்து ஆரம்பியுங்கள். களை மிகுந்த வயல் என்றால் மூன்று வாரம். மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் ஐந்து செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூ வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காய விடவே கூடாது. 105 நாள் குறுவை ரகத்தில் அது விதைத்து ஏறக்குறைய 68ஆம் நாளிலிருந்து 82 வரை. அந்த இரண்டு வாரத்தில் காய்ந்தால் பதர் விழும். பழி புது முறை மேல் விழும்.

---

நாற்றங்கால்_மேடை

நீர் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒற்றை நாற்று நடவையே காட்டப் போகிறீர்கள் என்றால் சில விஷயம்.

இதை யாருக்குக் காட்ட வேண்டும் என்பதில்தான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நிலம் வைத்திருப்பவர் நடுவதில்லை. நடவுப் பெண்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி நடுகிறார்கள். அவர்களுக்குப் பழகிய வேகம் போய் முதல் நாள் பாதிப் பரப்புதான் நட முடியும். அதே கூலி என்றால் ஏன் செய்வார்கள்? முதல் நடவுக்கு ஏக்கர் கணக்கில் பேசாமல் நாள் கூலி பேசுங்கள். நடவுத் தலைவியை முந்தின நாளே கூப்பிட்டு ஒரு சென்ட் நட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வயல் விழாவில் அவர்களையும் பேச வையுங்கள். அவர்கள் ‘குனிந்து நடுகிற குத்து குறைகிறது, பழகினால் லேசு’ என்று சொன்னால் அது நடக்கும். அவர்கள் முகம் சுளித்தால் எந்த அதிகாரி பேசியும் பயனில்லை.

களை விஷயமும் அப்படித்தான். கைக்களை பெண்களின் கூலி. கோனோவீடர் வந்தால் அந்த வேலை ஆண் கைக்குப் போகிறது. ஊரில் இதற்கு எதிர்ப்பு வரும், அது நியாயமான எதிர்ப்பு. முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

செய்முறை: ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை, ஒரு சென்ட் பாய் நாற்றங்கால். பாலித்தீன் விரித்து, நாலு செ.மீ. உயரச் சட்டம் வைத்து, 10 பங்கில் 7 பங்கு மண், 2 பங்கு நன்கு மக்கிய எரு, 1 பங்கு உமிச்சாம்பல் கலந்து நிரப்புங்கள். ஒரு நாள் ஊறவைத்து ஒரு நாள் முளைகட்டிய விதை. பூவாளியால்தான் தண்ணீர். எரு மக்காமல் இருந்தால் சூடேறி நாற்று திட்டுத்திட்டாகக் கருகும். விதையை நெருக்கிப் போட்டால் 14 நாளில் நாற்று ஊசியாக நீளும், பிரிக்கும்போது வேர் அறும்.

நடவு வயலில் முந்தின நாளே தண்ணீரை வடித்து, பரம்படித்துச் சமன் செய்து வையுங்கள். சேறு கூழாக இருந்தால் அடையாளக் கருவி போட்ட கோடு மூடிக்கொள்ளும். கோடு இரண்டு பக்கமும் நேராக இல்லாவிட்டால் பிற்பாடு கோனோவீடர் குறுக்கே ஓடும்போது குத்தையே பிடுங்கிவிடும். பெயர்த்த நாற்றை அரை மணிக்குள் நட வேண்டும், ஆழம் இரண்டு செ.மீ.தான். பழக்கத்தில் கட்டை விரலால் அழுத்தி நட்டால் தூர் கட்டுவது பத்து நாள் பின்தங்கும். ஓரத்தில் கொஞ்சம் நாற்றை ஒதுக்கி நட்டு வையுங்கள். நண்டு வெட்டும், கொக்கு மிதிக்கும். ஒரு வாரத்தில் நாற்று போன இடங்களை நிரப்ப அது உதவும்.

கோனோவீடர் நட்ட 10ஆம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை, நாற்பது நாள் வரை, நெடுக்கும் குறுக்கும். இரண்டு மூன்று செ.மீ. நீர் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் களிமண் உருளையில் அப்பிக்கொண்டு கருவி சறுக்கும், ஓட்டுகிறவர் நாலு வரிசையில் கைவிட்டுவிடுவார். முதல் ஓட்டம் 20ஆம் நாளுக்குத் தள்ளிப் போனால் கோரை வேரோடிவிடும், பிறகு கருவி வெறும் மேல்பூச்சு.

இன்னொரு கணக்கு. 25க்கு 25 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்து. குறுவைக்கு வழக்கமான 15க்கு 10 என்றால் 66 குத்து. அங்கே குத்துக்கு ஆறு கதிர் வந்தாலே 400 தொடும். இங்கே அந்த 400க்குக் குத்துக்கு 25 கதிர் வேண்டும். 15 கதிரோடு நின்றுவிட்டால் 240தான். கதிர் பெரிதாக இருந்தாலும் அந்த இடைவெளியை நிரப்புவது கஷ்டம். அதனால் வளம் குறைந்த, உப்பு ஏறிய வயலில் இந்த இடைவெளியைக் காட்டவே வேண்டாம். ‘தூர் வெடிக்கும்’ என்று சொல்லி அழைத்துவந்து வெறும் சேற்றைக் காட்டுவதாகிவிடும்.

---

கடைமடை_குழு

நன்றி. இளநாற்றும் நீரும் குறுவைக்குத் தள்ளுகிறோம். இரண்டு ஐயம். குழுவில் முக்கால்வாசிப் பேர் சம்பா மட்டும்தான். அவர்களுக்கு இந்தப் பருவம் காட்ட எதுவுமே இல்லையா? இரண்டாவது, எங்கள் பக்கம் தனி வாய்க்கால் கிடையாது, வயலுக்கு வயல் மடை திறந்து பாய்கிறது. ஒப்பீடு செய்ய முடியுமா?

---

இலைவண்ணம்

சம்பாவில் காட்ட இரண்டு நல்ல விஷயம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது: இலை வண்ண அட்டை, நாற்பது நாள் மருந்தில்லாமை. இரண்டுமே செலவைக் குறைப்பவை, வெள்ளம் வந்தாலும் கெடாதவை. ஒரே திடலாகவும் போட வேண்டாம். பத்துப் பேர் தங்கள் வயலில் ஐந்து ஐந்து சென்ட் ஒதுக்கட்டும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் வியட்நாமின் மீகாங் டெல்டா. 1990களில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹியாங்கும் பிலிப்பைன்ஸ் பேராசிரியர் எஸ்கலாடாவும் அங்கே விவசாயிகளிடம் வைத்த வேண்டுகோள் ஒரே வரி: உங்கள் வயலில் ஒரு துண்டில் மட்டும் முதல் நாற்பது நாள் இலைச்சுருட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள், மற்றப் பகுதியில் வழக்கப்படி செய்யுங்கள், கடைசியில் இரண்டையும் நீங்களே எடை போடுங்கள். இளம்பயிர் இலை சுருண்டால் புது இலை விட்டு ஈடு கட்டிக்கொள்ளும். விளைச்சலில் வித்தியாசம் தெரியவில்லை. தன் வயலில், தன் தராசில் பார்த்ததால் நம்பினார்கள். யாரும் பாடம் நடத்தி நம்ப வைக்கவில்லை.

நீங்கள் செய்வதானால் துண்டு வயலின் நடுவில் இருக்கட்டும். பக்கத்து வயல்காரர் அடிக்கும் மருந்து காற்றில் வந்தால் ஒப்பீடு போச்சு. நாற்பது நாளும் கண்ணை மூடிக்கொண்டிருங்கள் என்றும் சொல்லவில்லை. குருத்துப்பூச்சி வேறு கதை: நடுக்குருத்து காய்வது நூற்றுக்குப் பத்துத் தூருக்கு மேல் போனாலோ, சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் தெரிந்தாலோ நடவடிக்கை எடுக்கலாம். இலைச்சுருட்டுக்கும் வளர்ச்சிப் பருவத்தில் பத்து சதவீத இலை சேதம் என்ற வரம்பு உண்டு. இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள். இல்லையென்றால் நாலு இலை சுருண்டதும் பயத்தில் அடித்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருப்பார்கள்.

இலை வண்ண அட்டை: நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, பூ எட்டிப் பார்க்கும் வரை. நோயில்லாத பத்துச் செடியில், முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்துப் பாருங்கள். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெயில் இலைமேல் படாதபடி உடம்பால் மறைத்து, ஒவ்வொரு வாரமும் அதே ஆள். கண் மாறினால் எண் மாறும். வெள்ளைப் பொன்னிக்கு எல்லை 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலை எல்லைக்குக் கீழே இருந்தால்தான் யூரியா. ஒரு முறைக்கு ஏக்கருக்கு 26 கிலோ போட்டால் 12 கிலோ தழைச்சத்து. ஐந்து சென்ட் துண்டுக்கு 1.3 கிலோ, தராசில் நிறுத்துப் பையில் கட்டிக் கொடுங்கள், கைக்கணக்கில் வேண்டாம்.

எங்கே தவறும்? துத்தநாகக் குறைவிலும் கந்தகக் குறைவிலும் இலை வெளுக்கும், அட்டை அதைத் தழைச்சத்துக் குறைவு என்றே காட்டும். தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் மஞ்சள்தான். இரண்டு முறை யூரியா போட்டும் நிறம் ஏறவில்லை என்றால் மூன்றாவது முறை போடாமல் வேரைப் பிடுங்கிப் பாருங்கள்.

மடைக்கு மடை பாய்வதில் உங்கள் சந்தேகம் சரியானது. மேல் வயலில் போட்ட யூரியா தண்ணீரோடு கீழ் வயலுக்கு வரும். அட்டைத் துண்டு கீழே இருந்தால் அது போடாமலே பச்சையாக இருக்கும், நீங்கள் ஏமாந்து மகிழ்வீர்கள். துண்டை மேல் மடையில் வையுங்கள், அல்லது நாலு பக்கமும் சிறு வரப்பு எடுத்து, உரம் போட்ட மூன்று நாள் மடையை அடையுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் மட்டும் வயலுக்கு வயல் பாய்கிற இடத்தில் எந்தப் பருவத்திலும் ஒப்பிட முடியாது.

---

தராசுக்காரன்

எல்லாரும் பயிரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் எடை போடுவதில் ஏமாற்று நடந்தால் எல்லாம் வீண். பலகையில் ‘45 மூட்டை’ என்று எழுதுவார்கள். அந்த வயல்காரர் விற்ற ரசீதில் 36 இருக்கும். ஊரே சிரிக்கும்.

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடம், தலா 5 மீட்டருக்கு 5 மீட்டர். இடத்தை அறுவடை நாளில் கண்ணால் பார்த்துப் பொறுக்காதீர்கள். முன்னாலேயே சீட்டுக் குலுக்கி ‘வடகிழக்கு மூலையிலிருந்து கிழக்கே இத்தனை அடி, தெற்கே இத்தனை அடி’ என்று எழுதி வையுங்கள். வரப்போரம் ஒரு மீட்டர் விடுங்கள், ஓரப் பயிர் எப்போதும் கொழுப்பாக இருக்கும். கயிறு மேலே விழும் குத்து, பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர், இல்லையென்றால் விடு; இரண்டு பக்கமும் ஒரே விதி. இதை அலட்சியம் செய்யாதீர்கள். 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ பிசகினால் ஏக்கருக்கு 162 கிலோ, அதாவது கிட்டத்தட்ட மூன்று மூட்டை.

அடித்துத் தூற்றிய உடனே எடையும் ஈரப்பதமும் எடுங்கள். கணக்கு: எடையை (100 கழித்தல் ஈரப்பதம்) ஆல் பெருக்கி 86 ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்துக்கான எடை. 18 கிலோ, ஈரம் 22 என்றால் 18 × 78 ÷ 86 = 16.3 கிலோ. அதை 162 ஆல் பெருக்கினால் ஏக்கருக்குச் சுமார் 2,640 கிலோ, 60 கிலோ மூட்டையில் 44. ஈரத்தைத் திருத்தாமல் பெருக்கியிருந்தால் 48க்கு மேல் வந்திருக்கும். பலகை மூட்டைக்கும் ரசீது மூட்டைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மீதி, அறுவடை இயந்திரத்தில் சிந்துவது. அதனால் முழு மாவின் இயந்திர அறுவடை எடையையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒரே பக்கத்தின் மூன்று இடத்துக்குள்ளேயே நாலு மூட்டை வித்தியாசம், புது முறைக்கும் பழைய முறைக்கும் இடையே இரண்டு மூட்டை வித்தியாசம் என்று வந்தால், ‘விளைச்சலில் மாற்றம் இல்லை’ என்று எழுதுங்கள். தயங்க வேண்டாம். விளைச்சல் அதேதான், ஆனால் யூரியாவில் ஒரு மூட்டையும் ஒரு மருந்தடிப்பும் மிச்சம் என்றால், கடைமடைக்காரருக்கு அதுவே போதுமான சேதி.

செலவுக் கணக்கில் விதை, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, பாய்ச்சிய மணி எல்லாம் இரண்டு பத்தியாக. வீட்டு ஆள் செய்த வேலைக்கும் ஊர்க் கூலி போடுங்கள். அதை விட்டால் புது முறை பொய்யாக மலிவாகத் தெரியும்.

---

வாய்க்கால்_ஓரம்

ஒரு விஷயத்தில் மேலே யாரும் வாய் திறக்கவில்லை. விதை, உரம், கருவி எல்லாம் இலவசமாகக் கொடுத்தால்தான் திடல் போட ஆள் கிடைப்பார். குழுவிடம் கொஞ்சம் நிதி இருந்தால் அதைக் கொடுப்பதில் என்ன தவறு?

---

மண்வெட்டி_72

ஆள் கிடைப்பார், அண்ணே. பார்க்க வருகிறவர்தான் ‘உனக்கு எல்லாம் ஓசி, நீ எதையும் செய்வே’ என்று போய்விடுவார். அவர் கணக்கில் அந்த வயல் வேறு ஊர்.

1903இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் டெரல் என்ற ஊரில் சீமன் நேப் என்ற வேளாண் துறை அலுவலர் போட்ட திடலைத்தான் இந்த முறைக்கெல்லாம் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே போர்ட்டர் என்ற விவசாயியின் சொந்த நிலத்தில், அவர் சொந்தச் செலவில், அவரே சாகுபடி செய்தார். ஊர் வியாபாரிகள் சேர்ந்து ஒரு நிதி திரட்டி வைத்தார்கள், எதற்கு? நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்க மட்டும். லாபம் வந்தது, நிதியைத் தொட வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன் அரசு நிலத்தில் அரசு செலவில் காட்டியவற்றை ஊர்க்காரர்கள் பொருட்படுத்தவில்லை.

உங்கள் நிதியையும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாதியைவிடப் புதுப் பாதி எத்தனை கிலோ குறைகிறதோ அத்தனைக்கு ஈடு, கொள்முதல் விலையில். ஒரு மாவுக்கு அது பெரிய தொகை ஆகாது. குழாய், வண்ண அட்டை, கோனோவீடர் மாதிரி ஒருவர் வாங்கத் தயங்கும் கருவிகளைக் குழு வாங்கிச் சுற்றுக்கு விடலாம். உரமும் விதையும் அவர் பணமாக இருக்கட்டும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கண். ஊரின் மிகப் பெரிய நிலக்காரர், எப்போதும் மேடையில் இருப்பவர், இருவரையும் தவிருங்கள். நடுத்தர விளைச்சல் எடுப்பவர், குத்தகைக்காரராக இருந்தாலும் நல்லது. வயல் நாலு பேர் நடக்கும் பாதையோரம் இருக்க வேண்டும். விழாவைவிடத் தினமும் மாடு ஓட்டிப் போகிறவர் பார்ப்பதுதான் அதிக வேலை செய்யும்.

---

இலைவண்ணம்

வயல் விழா பற்றிக் கேட்டிருந்தார்கள். அறுவடை நாளில் மட்டும் கூட்டினால் அவர்கள் பார்ப்பது விளைந்த நெல்லை; எப்படி வந்தது என்பதை இல்லை. பருவத்துக்குக் குறைந்தது மூன்று முறை கூட்டுங்கள்.

முதல் கூட்டம் நட்ட 20 - 25 நாளில். ஒற்றை நாற்று வயல் அப்போது காலியாக, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். புதிதாகச் செய்தவர் பயந்துபோய் கூடுதல் யூரியா வீசுவதும், நடுவில் நாற்று செருகுவதும் இந்த வாரத்தில்தான். அதை மறைக்காமல் காட்டினால் அடுத்த வருடம் அவர்கள் வயலில் அதே காட்சி வரும்போது பதற மாட்டார்கள். இரண்டாவது கூட்டம் தூர் உச்சத்தில்: இரண்டு பக்கமும் ஒரு குத்துப் பிடுங்கி வேரைக் கழுவிப் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது எடை போடும் நாள். கயிறு பிடிப்பதும் தராசு பார்ப்பதும் வந்தவர்கள்.

இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம், ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வயலுக்குள் இறங்கி எண்ணட்டும். 1989இல் இந்தோனேசியாவில் உணவு வேளாண்மை அமைப்பு ஆரம்பித்த உழவர் வயல்வெளிப் பள்ளியில் செய்தது இதுதான். வாரம் ஒருமுறை பருவம் முழுக்க. ஒரு பெரிய தாளில் நடுவே நெற்பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறு பக்கம் சிலந்தி, பொறிவண்டு எல்லாம் வரைந்து, இன்று மருந்து அடிக்க வேண்டுமா என்று குழுவே வாதிட்டு முடிவு செய்யும். நம்மூரில் அட்மாவில் (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) நடப்பதும் அந்த வழிதான். ஆனால் வாதம் இருக்க வேண்டிய நேரத்தில் வரவேற்புரை வந்துவிடுகிறது.

ஒலிபெருக்கி வேண்டாம், காலை பத்துக்குள் முடியுங்கள், வயல்காரர் பேசட்டும். கூலி எவ்வளவு ஆனது, எந்த வேலை கஷ்டம், எது சரியாக வரவில்லை என்று அவரிடம் கேட்பார்கள். அதற்கு அவர் வாயால் வரும் பதில்தான் வந்தவருக்கு வேண்டும். பக்கத்தில் நிற்கும் அலுவலர் குறுக்கே பதில் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கடைமடை_குழு

ரொம்ப நன்றி. முடிவு இது: சம்பாவில் பத்துப் பேர், ஐந்து ஐந்து சென்ட், ஐந்து பேருக்கு வண்ண அட்டை, ஐந்து பேருக்கு நாற்பது நாள் மருந்தில்லாத் துண்டு. குறுவையில் ஒரே குழாயில் முறை வைத்துப் பாய்ச்சும் மூவரில் ஒருவரிடம் வயல்நீர்க் குழாய். ஒற்றை நாற்று அதற்கு அடுத்த குறுவைக்கு. ஈரமானி எங்களிடம் இல்லை, விலைக்கு வாங்குவதா?

---

தராசுக்காரன்

வாங்க வேண்டாம். நேரடி கொள்முதல் நிலையத்தில் இருக்கும், 17 சதவீத வரம்புக்கு அவர்கள் தினமும் பார்ப்பதுதான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் இருக்கும். ஒவ்வொரு வெட்டிலிருந்தும் அரைக் கிலோ நெல்லைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, இடத்தின் பெயரையும் எடை போட்ட நேரத்தையும் எழுதி, அன்றைக்கே எடுத்துப் போங்கள். சாக்கில் போட்டு மறுநாள் கொண்டுபோனால் ஈரம் இறங்கியிருக்கும், நீங்கள் வயலில் எடுத்த எடைக்கு அது பொருந்தாது. ஐந்து சென்ட் துண்டில் 25 சதுர மீட்டரை மூன்று முறை வெட்டினால் துண்டே மேலும் கீழும் மிதிபடும். அங்கே ஒரு வெட்டு போதும், பத்துத் துண்டும் சேர்ந்து பத்து வெட்டு ஆகிறது. அதே வயலின் வழக்கமான பகுதியிலும் அதே நாளில் ஒரு வெட்டு எடுக்க மறக்காதீர்கள்.